அடக்கிக்கொண்ட நீர்

என் மகள் போகும் கிண்டர்கார்டனில் ஒண்ணுக்குப் போக யாரும் அனுமதி கேட்பதில்லை. விளையாட்டுக்கு நடுவில் ஒரு பிள்ளை எழுந்து போகும், கைகழுவிய ஈரத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு திரும்பி வரும். ஆசிரியைகள் தலையைக்கூடத் திருப்ப மாட்டார்கள். ஜெர்மனிக்கு வந்த புதிதில் எனக்குப் பனியோ, ஞாயிற்றுக்கிழமை மூடிக்கிடக்கும் கடைத்தெருவோ பெரிய ஆச்சரியமாக இல்லை, இதுதான் ஆச்சரியம். என் மகள் ஷெரினுக்கு அது ஆச்சரியமாகக்கூட இல்லை, அவளுக்குப் புரியவே இல்லை. தாம்பரத்தில் யு.கே.ஜி. படித்த பிள்ளை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் எழுந்து நின்று சுண்டுவிரலைத் தூக்குவது, மிஸ் தலையாட்டினால் போவது, ஆட்டாவிட்டால் உட்கார்ந்துகொள்வது. இங்கேயும் அப்படியே எழுந்து நின்று சுண்டுவிரலைத் தூக்கியிருக்கிறாள். பிரகிட்டே என்ற அவளுடைய ஆசிரியை, பாஷை தெரியாத பிள்ளை தன்னோடு சிநேகம் பிடிக்க வருகிறது என்று நினைத்து, தன் சுண்டுவிரலை அதில் கோர்த்து ஆட்டிச் சிரித்திருக்கிறாள். ஷெரினும் மரியாதைக்குச் சிரித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

தினமும் இது நடந்திருக்கிறது. மதியம் நான் கூட்டிவரப் போகும்போது காலைப் பின்னிப் பின்னி நடப்பாள், வீட்டுக் கதவைத் திறந்ததும் ஓடுவாள். புது இடத்துக் கூச்சம் என்று நினைத்தோம். ஒருநாள் வேலை சீக்கிரம் முடிந்து முன்னதாகவே போய், கண்ணாடிக் கதவுக்கு வெளியில் நின்றேன். என் கண்ணெதிரிலேயே அவள் எழுந்து விரலைத் தூக்கினாள். பிரகிட்டே விரலைக் கோர்த்தாள். உள்ளே போய் எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் விளக்கினேன். பிரகிட்டே வாயைப் பொத்திக்கொண்டாள், கண் கலங்கிவிட்டது. அவளைச் சொல்லி என்ன இருக்கிறது? அந்த வார முடிவில் ஷெரினுக்குக் குளிர்க்காய்ச்சல் வந்துவிட்டது. அந்தக் காய்ச்சலை எங்களுக்குத் தெரியும். அது தாம்பரத்திலிருந்தே எங்களோடு வந்திருந்தது.

ஊரில் இருப்பவர்களுக்கும், என்னைப்போல் பெட்டி கட்டிக்கொண்டு வந்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். மூத்திரத்தைப் பற்றி நாலு பேர் படிக்க எழுதுவது கூச்சமாகத்தான் இருக்கிறது. முன்பு ஒருமுறை எழுதலாமா என்று கேட்டபோது என் மனைவி கிருபா, "வேற விஷயமே கெடைக்கலியா உனக்கு? பொட்டப்புள்ள விஷயம்" என்றாள். பிறகு சமையலறையில் கொஞ்ச நேரம் பாத்திரத்தை உருட்டிவிட்டு வந்து, "சரி, எழுது. நம்மகிட்டயும் யாராச்சும் சொல்லியிருந்தா தேவலாம்னுதானே நெனைச்சோம்" என்றாள்.

நான் திருமுடிவாக்கம் எஸ்டேட்டில் சி.என்.சி. மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தவன். ஷிஃப்ட் முடிந்ததும் ஜெர்மன் வகுப்புக்கு ஓடி, இரண்டுமுறை கோட்டைவிட்டு, மூன்றாவது முறை தேறி, ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் வேலை வாங்கினேன். நான் முதலில் கிளம்பினேன். குடும்ப விசா வரும்வரை கிருபாவும் ஷெரினும் முடிச்சூரில் என் மாமனார் வீட்டில் இருப்பதாக ஏற்பாடு. மாமியார் இல்லை, ஷெரின் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார். மாமனார் மேற்குத் தாம்பரம் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டினார். சவாரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மதியம் ஸ்கூல் விடுகிற நேரத்துக்கு ஆட்டோவோடு வாசலில் நிற்பார். பேத்தியைப் பின்சீட்டில் உட்காரவைக்க மாட்டார், தன்னோடு முன்சீட்டில்தான். ஹாரனை அழுத்துகிற உரிமை அவளுக்கு.

அந்த ஸ்கூல் ஒரு வீட்டைத் தடுத்துக் கட்டினது. பெயர்ப்பலகை பெரியது, டாய்லெட் சிறியது. இடைவேளை தவிர மற்ற நேரத்தில் பூட்டு. சாவி ஆயாவிடம் இருக்கும், ஆயா எங்கே இருப்பார் என்று யாருக்கும் தெரியாது. திறந்திருந்தாலும் தரையெல்லாம் நனைந்து, மூக்கைப் பிடிக்காமல் நுழைய முடியாது. ஷெரின் அங்கே போவதையே நிறுத்திவிட்டாள். தண்ணீர் குடித்தால்தானே வரும் என்று தண்ணீரையும் நிறுத்திவிட்டாள். காலையில் நிரப்பிக் கொடுத்த பாட்டில் மதியம் அப்படியே வரும். கிருபா திட்டுவாள், ஆனால் ரொம்பத் திட்ட மாட்டாள். அவள் வேலை பார்த்த புடவைக்கடையிலும் கதை அதுதான். வேலையாட்களுக்கான டாய்லெட் மொட்டைமாடியில். கவுன்டரை விட்டு நகர்ந்தால் சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்ப்பார். அங்கே நின்ற பெண்கள் எல்லாரும் காலையில் காபியோடு நிறுத்திக்கொண்டு, வீடு திரும்பித்தான் தண்ணீர் குடிப்பார்கள். அடக்கிக்கொள்வது நம் ஊரில் பெண்பிள்ளைகள் எழுத்துக்கு முன்பே கற்றுக்கொள்ளும் பாடம். அதற்கு யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை, வீட்டில் பார்த்தாலே போதும்.

முதல் காய்ச்சல் மழைக்காலத்தில் வந்தது. முடிச்சூர் ரோட்டுக் கிளினிக்கில் கூட்டம் வாசல்வரை நின்றிருக்கிறது. டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து எடுத்துவிட்டு, "வைரல்தாம்மா, எல்லாருக்கும் இதான் ஓடுது. எதுக்கும் ஒரு ஆன்டிபயாடிக் குடுத்துடறேன்" என்று எழுதினார். வெந்நீர் ஆறவைத்து ஊற்றிக் கலக்குகிற பவுடர் மருந்து. இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. மூன்றாம் நாள் ஷெரின் ஓடியாடத் தொடங்கியதும் கிருபா பாட்டிலை இறுக மூடி ஃபிரிட்ஜ் கதவில் வைத்துவிட்டாள். நல்லா இருக்கிற குழந்தைக்கு எதற்கு மருந்து என்பது எந்த வீட்டிலும் கேட்கிற நியாயம்தான். நான் வீடியோ காலில் மகள் குதிப்பதைப் பார்த்து நிம்மதியாகப் படுக்கப் போனேன். அடுத்த காய்ச்சலுக்கு அந்தப் பாட்டிலில் மிச்சம் இருந்தது. அதற்கடுத்ததற்கு மாமனார் ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு மெடிக்கலில் வாங்கி வந்தார். "போன தடவை குடுத்ததே குடுக்கட்டா?" என்று கேட்டு, கடைக்காரர் அதைவிடக் கொஞ்சம் பெரிய மருந்தாக எடுத்துக் கொடுத்தார். அவரும் நல்ல மனுஷர்தான், பேத்திக்கு என்று கேட்டதும் ஒரு சாக்லேட்டையும் சேர்த்துக் கொடுப்பவர். ஒவ்வொரு முறையும் காய்ச்சல் விட்டது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மெதுவாக விட்டது. அதை யாரும் கவனிக்கவில்லை.

இடையில் ஷெரின் படுக்கையை நனைக்க ஆரம்பித்தாள். ஒண்ணுக்குப் போகும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "சுடுது தாத்தா" என்பாள். மாமனார் அதற்கு உடனே வைத்தியம் தெரிந்தவர்: "சூடு மா அது. இந்த வெயில்ல ஆட்டோவுல சுத்துதில்ல." இளநீர் வந்தது, பார்லித் தண்ணீர் வந்தது, கால் கட்டைவிரலில் சுண்ணாம்பு தடவினார்கள், தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தார்கள். கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்திருக்கும். சூடு என்பது நமக்கு எல்லாவற்றுக்கும் பதில்: முகத்தில் பரு வந்தாலும், வயிறு வலித்தாலும், கண் எரிந்தாலும் சூடுதான். இங்கே ஜெர்மன் டாக்டரிடம் அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்த்தேன். அவர் காய்ச்சல் என்று எழுதிக்கொண்டார்.

விசா வந்தது. அவர்களைக் கூட்டிப்போக நான் விடுப்பில் வந்தேன். மீனம்பாக்கத்தில் இறங்கி வெளியே வந்தால், மாமனார் தோளில் துவண்டு கிடந்தாள் மகள். பிளேனைக் காட்டுவதாகச் சொல்லிக் கூட்டிவந்திருக்கிறார்கள்; அவள் பிளேனையும் பார்க்கவில்லை, என்னையும் சரியாகப் பார்க்கவில்லை. தூக்கினேன். உடம்பு அடுப்பு மாதிரி இருந்தது. மறுநாள் காலையில் பல் கிட்டித்துப்போகிற அளவு குளிர் எடுத்தது, வாந்தி எடுத்தாள், இடுப்புப் பக்கம் தொட்டால் கத்தினாள். மாமனார் பழக்கத்தில் மெடிக்கல் பக்கம் கிளம்பினார். கிருபாதான், "வேணாம் பா. இந்தவாட்டி வேற டாக்டராண்ட போலாம்" என்றாள். அவள் கடையில் கூட வேலை பார்க்கும் பெண், ராஜகீழ்ப்பாக்கத்தில் குழந்தைகளை மட்டும் பார்க்கும் ஒரு டாக்டரம்மாவைப் பற்றிச் சொல்லியிருந்தாளாம். மாமனார் ஆட்டோவிலேயே போனோம். அன்று ஷெரின் ஹாரனைத் தொடவில்லை.

டாக்டரம்மா அதிகம் பேசாதவர். வயிற்றை அழுத்திப் பார்த்தார், முதுகில் லேசாகத் தட்டிப் பார்த்தார். "இதுக்கு முன்னாடி வந்த காய்ச்சல்லாம் சளி, இருமலோட வந்துச்சா?" என்று கேட்டார்.

"இல்ல மேடம். வெறும் காய்ச்சல்தான்" என்றாள் கிருபா.

"யூரின் டெஸ்ட் யாராவது எழுதினாங்களா?"

"இல்ல மேடம்."

"ஒண்ணுக்குப் போறப்ப அழறாளா?"

கிருபா என்னைப் பார்த்தாள், பிறகு தன் அப்பாவைப் பார்த்தாள். "ஆமா மேடம். சூடுன்னு நெனைச்சோம்."

"ஒரு டோஸ் மருந்துகூட குடுக்கறதுக்கு முன்னாடி எனக்கு யூரின் வேணும். கல்ச்சருக்கு அனுப்பணும். இப்ப மருந்து உள்ள போயிடுச்சுன்னா எந்தக் கிருமின்னே தெரியாமப் போயிடும்" என்று ஒரு மூடிபோட்ட டப்பாவைக் கையில் கொடுத்தார்.

மாமனாருக்குக் கோபம் பொங்கிவிட்டது. வராந்தாவில் வந்து, "கொயந்த நெருப்பா கொதிச்சிக்கினு கீது. ஒரு ஊசி போடாம ஒண்ணுக்கு புடிச்சாரச் சொல்லுது இந்தம்மா. இன்னா மாப்ள, நீயும் டப்பாவ கைல வாங்கிக்கினு நிக்கிற?" என்று சத்தம் போட்டார். காத்திருந்தவர்கள் எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள். நான் மகளைத் தூக்கிக்கொண்டு கிளினிக் டாய்லெட்டுக்குள் போனேன். குழாயைத் திறந்துவிட்டுப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். "கொஞ்சமா போதும் பாப்பா" என்றேன். அவள் இரண்டு தொடைகளையும் இறுக்கிக்கொண்டாள். எரியும் என்று தெரிந்த இடத்தில் யார்தான் கை வைப்பார்கள்? "போவ மாட்டேம்பா, வலிக்கும் பா" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் அவளால் முடியாமல் போனது. டப்பாவில் பிடித்தது பாதி, என் கையில் வழிந்தது பாதி. கலங்கலாக இருந்தது. ஒரு குழந்தை உடம்பிலிருந்து வருவதற்கு அப்படி ஒரு வாடை இருக்கக்கூடாது. அவள் அழுத அழுகையில் மாமனார் வெளியிலிருந்து கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார். கதவைத் திறந்ததும் என் கையிலிருந்து அவளை வாங்கிக்கொண்டு, தோளில் போட்டு, வராந்தாவின் கடைசி மூலைக்குப் போய் நின்றார்.

அன்றே டாக்டரம்மா பார்க்கும் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வழக்கமாகக் கொடுக்கும் ஊசி மருந்தைத் தொடங்கினார்கள். காய்ச்சல் அசையவில்லை. கல்ச்சர் ரிசல்ட் வர ஓரிரு நாள் ஆனது. அது வந்தபிறகு டாக்டரம்மா எங்களை உட்காரவைத்து, நாங்கள் இதுவரை கொடுத்த மருந்துகளும், இப்போது ஏறிக்கொண்டிருக்கும் மருந்தும், வாயால் கொடுக்கக்கூடிய மருந்துகளில் ஏறக்குறைய எல்லாமும் இந்தக் கிருமியிடம் பலிக்காது என்றார். "ஒவ்வொரு தடவையும் அரைகுறையா அடிச்சு விட்ருக்கீங்க. தப்பிச்சதெல்லாம் மருந்துக்குப் பழகிடுச்சு. இதுக்கு இன்னும் ஒண்ணு ரெண்டு ஊசிதான் மிச்சம் இருக்கு. அதைப் போட்டு முழுசா முடிக்கணும். நல்லாயிட்டாளேன்னு நடுவுல கூட்டிட்டுப் போயிடாதீங்க" என்றார். குரலில் திட்டு இல்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். மாமனார் இரண்டு கையையும் முட்டிமேல் ஊன்றி, தரையைப் பார்த்தபடி, "நாந்தான் மேடம் வாங்கியாந்து குடுத்தேன்" என்றார். டாக்டரம்மா ரிசல்ட் தாளை மடித்து வைத்தார். "நீங்க மட்டுமா? இந்த ஏரியாவே அப்படித்தாங்க இருக்கு" என்றார்.

புது ஊசி வேலை செய்தது. காய்ச்சல் இறங்கியது. மாமனார் ஸ்டாண்டுக்கே போகாமல் வார்டு வாசலில் கிடந்தார். டிரிப் ஏற்றக் கை நரம்பு கிடைக்காமல் நர்ஸ் தடவிக்கொண்டிருக்கும்போதெல்லாம் வெளியே போய்விடுவார். ஸ்கேனில் ஒரு பக்கத்துக் கிட்னி கொஞ்சம் வீங்கியிருந்தது. மூத்திரப்பையில் இருக்கும் நீர் கீழே போவதற்குப் பதில் மேலே கிட்னிக்குத் திரும்பிப் போகிறதோ என்று டாக்டரம்மாவுக்குச் சந்தேகம். அடக்கி அடக்கி வைத்தால் அது இன்னும் மோசமாகும் என்றார். ஜெர்மனிக்குப் போனதும் கட்டாயம் காட்ட வேண்டும், காய்ச்சல் வந்தால் அன்றைக்கே மூத்திரப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். டிக்கெட்டைத் தள்ளிப்போட்டு, ஊசிகளை முடித்து, மகளின் கைகளில் நீலம் பாரித்த ஊசித் தடங்களோடு விமானம் ஏறினோம்.

அதனால்தான், பிரகிட்டேயிடம் விரலை விளக்கிவிட்டு வந்த வார முடிவில் காய்ச்சல் அடித்ததும், நாங்கள் இம்முறை ஃபிரிட்ஜைத் திறக்கவில்லை. நேரே குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இந்தியாவில் ஆஸ்பத்திரியில் இருந்தாளா என்று முதலிலேயே கேட்டார்கள். பெருமையோடு ஆமாம் என்றேன், எல்லாம் முறையாகச் செய்திருக்கிறோம் என்ற பெருமை. பிறகு நர்ஸ் ஒரு கேள்வி கேட்டாள்: "ஹாட் ஸீ ஹொய்ட்ட வாஸர் கெலாஸன்?" வாஸர் என்றால் தண்ணீர், லாஸன் என்றால் விட்டுவிடுவது என்று வகுப்பில் படித்திருந்தேன். இன்றைக்குத் தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டாளா என்று கேட்கிறாள் என எடுத்துக்கொண்டு, "நைன், நைன்!", இல்லவே இல்லை என்று பலமாகத் தலையசைத்து மறுத்தேன். நர்ஸின் முகம் மாறிவிட்டது. டாக்டர் ஓடிவந்தார், அடிவயிற்றில் ஸ்கேன் வைத்தார்கள், டியூப் போட்டு நீரை எடுக்க எல்லாம் தயாரானது. அந்தக் கேள்விக்கு இன்றைக்கு ஒண்ணுக்குப் போனாளா என்று அர்த்தம் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. காலையில் போனாள் என்று சொன்னேன். ஆனாலும் ஸ்கேன் திரையில் மூத்திரப்பை தளும்பித்தான் இருந்தது. காலையிலிருந்து அடக்கிக்கொண்டிருந்தாள். யாரிடம் விரலைக் காட்டுவது என்று அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்குத் தெரியவில்லை.

எங்களுக்குத் தனி அறை கொடுத்தார்கள். கிருபாவுக்கு முதலில் சந்தோஷம். நம் ஊரில் தனி அறை கேட்டாலும் கிடைக்காது. கொஞ்ச நேரத்தில் கதவின் வெளிப்பக்கம் ஒரு மஞ்சள் அட்டையை மாட்டினார்கள். உள்ளே வருகிற ஒவ்வொருவரும் மஞ்சள் அங்கி போட்டு, கையுறை மாட்டி, முகக்கவசம் கட்டிக்கொண்டு வந்தார்கள். வெளியே போகுமுன் எல்லாவற்றையும் கழற்றி, கதவோரம் இருந்த தொட்டியில் போட்டுவிட்டுப் போனார்கள். சாப்பாட்டுத் தட்டைக்கூட அப்படித்தான் கொண்டுவந்தார்கள். விளையாட்டு அறைக்கு ஷெரின் போகக்கூடாது என்றார்கள். கண்ணாடி வழியே மற்ற பிள்ளைகள் மரக்கட்டைகளை அடுக்குவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிருபா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம், "எங்கப்பா சின்ன வயசுல டீக்கடையில அவங்களுக்குன்னு தனி தம்ளர் வெச்சிருப்பாங்களாம். குடிச்சிட்டு அவரேதான் கழுவி வெக்கணுமாம்" என்றாள்.

"அது வேற, இது வேற கிருபா. வெளிநாட்டு ஆஸ்பத்திரியில இருந்து வர்றவங்க எல்லாருக்கும் இப்படித்தானாம்" என்றேன்.

"இன்னா வேற? நம்மளத் தொட்டா ஆவாதுன்றாங்க. அவ்ளோதானே."

அடுத்த முறை நர்ஸ் வந்தபோது கிருபாவே கேட்டாள். அவளுக்குத் தெரிந்த சில வார்த்தைகளில், அங்கியைக் காட்டி, "வாரும்?" என்றாள். ஏன்? நர்ஸ் அன்பாகத்தான் சொன்னாள்: "நூர் ஷுட்ஸ்." பாதுகாப்புக்கு மட்டும். "ஷுட்ஸ்னா பாதுகாப்பு" என்று நான் மொழிபெயர்த்தேன். "யாருக்காம்?" என்றாள் கிருபா. அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

பரிசோதனை முடிவும் வந்தது. மருந்துகளுக்கு அடங்காத அந்தக் கிருமி ஷெரினின் குடலில் குடியிருந்தது. வயதான டாக்டர் ஒருவர் மெதுவான ஜெர்மனில், கையால் படம் போட்டு விளக்கினார். அது குடலில் சும்மா இருக்கும்வரை தொந்தரவில்லை. அதைத் துரத்தவென்று மருந்து கொடுக்கவும் கூடாது, கொடுத்தால் இன்னும் முரடாகும். தானாகவே போகலாம், மாதக்கணக்கில் ஆகலாம். வீட்டில், கிண்டர்கார்டனில் எல்லாப் பிள்ளைகளையும்போல இருக்கலாம், கட்டிப்பிடிக்கலாம், சேர்ந்து சாப்பிடலாம். பலவீனமான நோயாளிகள் இருப்பதால் ஆஸ்பத்திரியில் மட்டும்தான் இந்தக் கட்டுப்பாடு. நான் தலையாட்டினேன். கிருபாவுக்குப் பாதிதான் நம்பிக்கை வந்தது. வீடு திரும்பியபிறகும் பல வாரங்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளை விளையாடக் கூப்பிட்டால் ஷெரினுக்குத் தூக்கம் வருகிறது என்று சொல்லி அனுப்பிவிடுவாள். எங்கள் மூவருக்கும் விசா வாங்க எத்தனை நாள் அலைந்தோம். அந்தக் கிருமியை எந்தக் கவுன்டரிலும் யாரும் நிறுத்தவில்லை.

பிறகு ஒவ்வொரு பரிசோதனையாக நடந்தது. டாக்டரம்மா சந்தேகப்பட்டது சரி: நீர் மேலே திரும்பிப் போகிறது. சில மாதங்கள் கழித்து எடுத்த ஸ்கேனில் ஒரு கிட்னியின் மேல்பகுதி தழும்பாகிவிட்டது தெரிந்தது. அந்தப் பகுதி இனி வேலை செய்யாது, வளராது. மற்றது நன்றாக இருக்கிறது, மிச்சத்தைக் காப்பாற்றினால் போதும், வாழ்நாள் முழுக்க ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். எந்தக் காய்ச்சலில் அந்தத் தழும்பு விழுந்தது என்று கிருபா கேட்டாள். முடிச்சூரில் வந்ததா, நான் வந்து இறங்கியபோது இருந்ததா, இங்கே விரல் கோர்த்த வாரத்தில் வந்ததா? டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். தெரியாது, தெரிந்துகொள்ளவும் முடியாது. இப்போது தினமும் படுக்குமுன் சின்ன அளவில் ஒரு மருந்து கொடுக்கிறோம், அவளுக்கு மிச்சமிருக்கும் மிகச்சில மருந்துகளில் ஒன்று. ஒரு வேளைகூடத் தவறக்கூடாது. அதற்கு மேல் ஒரு சிறிய ஆபரேஷனும் தேவைப்பட்டது. தேதி கொடுத்தார்கள். அதுவரை நீண்ட பயணம் வேண்டாம் என்றார்கள்.

அந்தத் தேதிக்கு முன் முடிச்சூரிலிருந்து போன் வந்தது. மாமனார் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். பக்கவாதம். வலதுபக்கம் விழுந்துவிட்டது, பேச்சு குழறுகிறது. ஸ்டாண்டு ஆட்கள்தான் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். கிருபா ஒரே பெண். ஒரு பகல் முழுவதும் அவள் பெட்டியில் துணியை வைத்தாள், எடுத்தாள். மகளுக்கு ஆபரேஷன், அப்பாவுக்குப் பக்கத்தில் ஆளில்லை. "ஆபரேஷனுக்கு நா கீறேன். நீ போ" என்றேன். "கண்ணு முழிக்கிறப்போ அம்மான்னுதான் தேடுவா" என்றாள். ஆனாலும் போனாள். விமான நிலையத்தில் ஷெரினிடம், "அப்பா டாய்லெட்டுக்குப் போன்னு சொன்னா உடனே போணும். அடக்கக்கூடாது, இன்னா?" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அடக்கிக்கொள்வதை மகள் தன்னைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டாள் என்பது அவளுக்குத் தெரியும்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இந்தமுறையும் தனி அறைதான், மஞ்சள் அட்டைதான். மயக்கம் தெளிந்ததும் அவள் அம்மாவைத் தேடினாள். நான் போனைக் காட்டினேன், அதைத் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அங்கே மாமனார் உயிர் பிழைத்துவிட்டார், ஆனால் பழைய மனிதராக எழவில்லை. அவரைத் தூக்கி உட்காரவைக்க, ஊட்ட, துடைக்க ஒரு ஆள் வேண்டும். கிருபா வருகிற தேதியைத் தள்ளி வைத்தாள். பிறகு இன்னொரு முறை தள்ளி வைத்தாள். எப்போது என்று கேட்பதை நான் நிறுத்திவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை, இங்கே கொஞ்சம் வெயில் வந்திருந்தது. ஷெரின் பால்கனியில் நின்று அம்மாவோடு வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தாள். இப்போது அவளுக்கு ஜெர்மன்தான் முதலில் வருகிறது. கோபம் வந்தால் முழுக்க ஜெர்மன்தான். கிருபா தாத்தாவின் முகத்தைக் காட்டினாள். அவர் இடது கையை மெல்ல உயர்த்தி, கட்டைவிரலால் காற்றில் எதையோ அழுத்தினார். ஷெரினுக்குப் புரியவில்லை. "வாஸ் மாஹ்ட் ஏர்?" என்று என்னைக் கேட்டாள். தாத்தா என்ன செய்கிறார்? ஹாரன் அடிக்கிறார் என்று சொன்னேன். எந்த ஹாரன் என்றாள். பிறகு போனை முகத்துக்கு அருகில் பிடித்து, சண்டைக்காரியைப்போல் குரலை உயர்த்திக் கேட்டாள்:

"மமா, வான் கொம்ஸ்ட் டூ நாஹ் ஹௌஸ?"

கிருபாவுக்குப் புரிந்துவிட்டது என்று தெரிந்தது. ஆனாலும், "தமிழ்ல சொல்லுடி" என்றாள்.

ஷெரின் யோசித்து, வார்த்தைகளைத் தேடி எடுத்து, "அம்மா, நீ எப்போ வூட்டுக்கு வருவே?" என்றாள்.

கிருபாவுக்குப் பின்னால் முடிச்சூர் வீட்டின் ஜன்னல் தெரிந்தது, கம்பியில் அவளுடைய அப்பாவின் லுங்கி காய்ந்துகொண்டிருந்தது. அவள் முகம் ஒருகணம் அப்படியே நின்றது. சிக்னல் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"வூட்லதாண்டி கீறேன்" என்றாள்.